மேட்டு அருவியும் சிலுப்பாத ஆடும்

நெல்லிக்குப்பத்தை விட்டு நடக்க ஆரம்பித்து இரண்டாவது நாள். பண்ருட்டியும் பின்னால் போய்விட்டது. கரும்பு ஆலையில் அரைவை முடிந்ததும், வண்டியிலிருந்து கட்டு இறக்குகிற எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு வீடு இருந்தது, போனார்கள். எனக்குச் சாலை இருந்தது. நெய்வேலியில் பூமியை வெட்டுகிறார்கள், வெட்ட வெட்ட ஆள் வேண்டியிருக்கிறது என்று ஒரு வண்டிக்காரர் சொன்னார். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசைத் தின்றுவிடுவது மேல் என்று நினைத்து, பண்ருட்டியில் ஒரு பலாப்பழத்தின் கால்வாசியை வாங்கித் தின்றேன். வயிறு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வடக்குத்துக்கு வருவதற்குள் வழியிலிருந்த முந்திரித் தோப்புகள் அனைத்திலும் ஒரு தடவை ஒதுங்கிவிட்டேன்.

கடைசித் தோப்பில் குந்தியிருந்தபோதுதான் மழைச் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். வைகாசி வெயில், ஒரு மேகம் இல்லை. சத்தம் வந்த பக்கமே நடந்தேன். தோப்பு முடிந்த இடத்தில் செம்மண் மேடு நின்றது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து கொட்டிய மண். மேட்டின் விளிம்பில் ஓர் ஆள் தவழ்ந்து போகக்கூடிய பருமனில் இரும்புக் குழாய் ஒன்று வாயை நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் அரைப்பனை உயரம் இறங்கி, கீழே போட்டிருந்த கருங்கல் குவியலில் விழுந்து, புகை மாதிரி எழும்பி, வாய்க்காலாக ஓடியது. சுற்றிலும் புல் முழங்கால் உயரம். நான் நடந்து வந்த இரண்டு நாளில் அவ்வளவு பச்சையைப் பார்த்ததில்லை.

வேட்டியை அவிழ்த்துக் கல்மேல் போட்டுவிட்டுக் கோவணத்தோடு அடியில் போய் நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ எனக்கென்றே விளாவி வைத்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாது, நின்றேன். கண்ணைத் திறந்தபோது எதிரே ஓர் ஊரே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பம்பைக்காரர் பம்பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பெண்கள் கையில் பொங்கல் பானை. எல்லாருக்கும் முன்னால், கழுத்தில் வேப்பிலை மாலையோடு, கன்றுக்குட்டி அளவுக்குக் கறுப்புக் கிடா ஒன்று. அதுவும் என்னைத்தான் பார்த்தது.

அருவிச் சத்தத்தில் பேசினால் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கத்தினார்கள். மீசை நரைத்த கனத்த ஆள் ஒருவர்தான் முதலில் கத்தினார்.

"பாத்தியாடா! மேல ஒருத்தன் குளிச்சிகினு இருக்கான், கீழ அந்தத் தண்ணிய மொண்டு ஆட்டு மேல ஊத்திகினு இருக்கறோம். அது எப்பிடிடா சிலுப்பும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குலசாமியிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால், நேர்ந்துவிட்ட ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி சரி என்கிறது. உதறாவிட்டால் சம்மதமில்லை. எங்கள் பக்கமும் இந்த வழக்கம் உண்டு. எங்கள் ஊர் ஆடுகள் அவசரக்காரர்கள், செம்பைக் கண்டவுடனேயே சம்மதித்துவிடும். இந்தக் கிடா விடிந்ததிலிருந்து சிலுப்பவில்லை.

"யோவ், வெளியூரா?" என்று இன்னொருவர் கேட்டார். ஒல்லியான ஆள், நெற்றி முழுக்கத் திருநீறு. இவர்தான் பூசாரி. கத்திய கனத்த ஆள் அவருடைய பெரியப்பா மகன், அண்ணன் முறை.

"நெல்லிக்குப்பத்துல இருந்து வர்றேங்க."

"படிச்சவனா?"

"அஞ்சாவது."

"எங்க எல்லாரையும் கூட்டுனாலும் அஞ்சு வராது. இதக் கொஞ்சம் படி. பாதிப் பேரு நான் பொய் சொல்றதா நெனச்சிகினு இருக்காங்க." மடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

கோவணத்தோடு நின்றபடி நான் அதைக் கத்திப் படித்தேன். நில ஆபீஸிலிருந்து வந்த கடிதம். மறுநாள் மதியத்துக்குள் புதுக் குடியிருப்பில் போய்க் குடிசை போடுகிறவர்களுக்கு அந்த மனை சொந்தம். போடாதவர்களுடைய மனை அடுத்த ஊர்க்காரர்களுக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அங்கே நின்ற பன்னிரண்டு குடும்பமும் பங்காளிகள், அருவிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் இருந்த முனிதான் அவர்களுக்குச் சாமி. சுரங்கம் அந்த வேப்பமரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. முனி கூட வருகிறேன் என்று சொல்லாமல் ஒரு குடும்பமும் நகராது. முனியின் வாய் அந்தக் கிடா.

"கேட்டீங்களா? நாளைக்கி மத்தியானம்!" என்று பூசாரி எல்லாரையும் பார்த்துக் கத்தினார்.

"முனி எங்க இருக்குதோ அங்கதான் நானு" என்றார் அண்ணன்காரர். "சுரங்கத்துக்குள்ள வுழுந்தாலும் சேந்துதான் வுழுவோம்."

என்னைப் போகவிடவில்லை. நான் குளித்த தீட்டால் ஆடு சிலுப்பவில்லையா, வேறு காரணமா என்று தெரியும்வரை நான் அங்கேயே இருக்க வேண்டும் என்று அண்ணன்காரர் தீர்ப்புச் சொன்னார். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை. பொங்கல் வெந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கயிற்றை என் கையில் கொடுத்தார்கள்.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து பூசாரி அந்த மண்ணின் கதையைச் சொன்னார். காதருகே வாயை வைத்துக் கத்தித்தான் சொன்னார். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே பண்ணைக்காரரின் நிலம். மேட்டுக்காடு. வரகு விதைத்தார்கள், அது வராதபோது முந்திரி வைத்தார்கள். பூசாரியின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அதில் கூலி. ஒரு செண்டு நிலம் அவர்கள் பேரில் கிடையாது. குடிதண்ணீருக்குப் பெண்கள் காட்டைத் தாண்டிப் பக்கத்து ஊர் ஏரிக்குப் போய்வர வேண்டும். காலையில் போனால் கஞ்சிக்கு நேரமாகிவிடும். பண்ணைக்காரர் கிணறு வெட்டினார். ஆழமாகப் போனதும் கறுப்புக் கட்டிகள் வந்தன. பூமி கருகிக் கிடக்கிறது, இது ஆகாத இடம் என்று அவர் கிணற்றைப் பாதியில் விட்டுவிட்டார். பூசாரியின் அப்பா அந்தக் கட்டிகளில் மூன்றைத் தூக்கிவந்து, கல் கிடைத்த சந்தோஷத்தில் அடுப்புக் கூட்டினாராம்.

"சோறு கொதிக்கறதுக்குள்ள அடுப்பே பத்திகினுச்சி! பானை உள்ள வுழுந்து, ஒல நீரு மேல வுழுந்து, ஒரே புகை. எங்கம்மா தொடப்பத்த எடுத்துகினு எங்கப்பன வடக்குத்து வரைக்கும் தொரத்துச்சி. எரியற கல்லுன்னு ஒலகத்துல மொதமொத கண்டுபிடிச்சவரு எங்கப்பன்தான். அடிதான் கெடச்சுது."

பிறகு காக்கிக் கால்சட்டைக்காரர்கள் வந்து குழாய் இறக்கினார்கள். பூமிக்குள் அழுத்திக்கொண்டு கிடந்த தண்ணீர் ஆள் உயரத்துக்கு எகிறியது. அதை இறைத்து வெளியே விட்டால்தான் சுரங்கத்தில் வேலை செய்ய முடியும். அந்தத் தண்ணீர்தான் இந்த அருவி. நிலம் இருந்தவர்களுக்கு நிலத்துக்கு ஈடு கிடைத்தது.

"எங்களுக்கு நெலமே இல்ல, எதுக்கு ஈடு தருவாங்க?" என்றார் பூசாரி. குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சரி என்கிற மாதிரி சொன்னார். "இந்த மனைதான் மொதமொத எங்க பேர்ல வர்ற மண்ணு. மூணு தலைமொற முனிகிட்ட தண்ணி குடு தண்ணி குடுன்னு கேட்டோம். குடுத்துது. குடுத்துட்டு, எந்திரிச்சிப் போங்கடான்னுது. அதையாவது ஆட்டு வாயில சொன்னா தேவலை."

ஆடு என் பக்கத்தில் படுத்து அசை போட்டது.

மதியம் மறுபடி ஆரம்பித்தார்கள். வாய்க்காலில் என் தீட்டு ஓடிப்போயிருக்கும் என்று ஒரு செம்பு ஊற்றினார்கள். ஆடு கண்ணை மூடிக்கொண்டது. குடம் குடமாக ஊற்றினார்கள். ஆடு முதுகைச் சற்று வளைத்து, விட்டுப்போன இடத்தைக் காட்டியது. பம்பைக்காரர் அதன் காதுக்குள்ளேயே அடித்தார். அது அவரை இரக்கத்தோடு பார்த்தது. ஓர் ஆள் காதில் ஊதப் போனார்.

"ஊதாத! அது கள்ளச் சம்மதம்!" என்று அண்ணன்காரர் பிடித்துத் தள்ளினார்.

அப்போது பூசாரியின் மனைவி முன்னால் வந்து, ஆட்டின் தாடையைச் சொறிந்துகொண்டே, "அதுக்குத் தண்ணின்னா ரொம்ப இஷ்டம். பொறந்ததுல இருந்து தெனம் இந்த அருவியிலதான் குளிப்பாட்டறேன்" என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பன்னிரண்டு குடும்பத்து ஆடுகளில் கொழுத்தது இதுதான் என்று எல்லாரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அருவிப் புல்லைத் தின்று, அருவிச் சாரலில் படுத்து, அருவியில் குளித்து வளர்ந்த ஆட்டின் மேல் அருவித் தண்ணீரையே ஊற்றி, அது உதறும் என்று விடிந்ததிலிருந்து காத்திருந்தார்கள்.

"அடிப்பாவி, காலையிலேயே சொல்றதுதான?" என்றார் பூசாரி.

"நீங்க கேட்டீங்களா? புள்ளையாட்டம் வளத்துக் குடுத்தேன், இப்ப என்மேலயே எகிர்றீங்க. போன வருசம் ஒங்கண்ணன் நேந்துவுட்ட ஆடு எலும்பும் தோலுமா இருந்துச்சி. குளுருலேயே நடுங்கிகினு கெடந்துச்சி. அத யாராவது கேட்டீங்களா?"

வேறு ஆடு மாற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு தடவை மாலை போட்ட ஆட்டை மாற்றினால் முனி கோபித்துக்கொள்ளும் என்றார் அண்ணன்காரர். அவர் சொன்னதை மறுக்க யாருக்கும் துணிவில்லை. பூசாரியின் மனைவி முகம் வாடி உட்கார்ந்துவிட்டாள். புது மனையை அவள் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பூசாரி என்னிடம் சொன்னார். அடுப்பு எந்த மூலை, துளசி எந்த மூலை என்று குச்சி நட்டுவிட்டும் வந்திருக்கிறாளாம்.

பொழுது சாயத் தொடங்கியது. நான் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு, பீடிக்கு நெருப்புக் கேட்க மேட்டின் மேலிருந்த பம்ப் கொட்டகைக்கு ஏறினேன். உள்ளே இரண்டு பெரிய பம்புகள். ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

"என்ன வே, கீழ என்ன காலையிலேருந்து ஒரே கொட்டுச் சத்தம்?"

சொன்னேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதப் போய் அருவிங்கானுவளே! எங்க ஊருல ஓட்டுக்கூரையில மழ பெஞ்சா இதவிடப் பெருசா விழும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், சனிக்கெழம எண்ண தேச்சா நானும் இங்கதான் குளிக்கேன்." நெருப்புப்பெட்டியை நீட்டினார். "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கதான் பம்ப மாத்துவோம், இன்னைக்கு அஞ்சு மணிக்கு இத நிறுத்திட்டு அடுத்தத ஓட்டணும். மாத்துத நேரம் நாலு மூச்சு தண்ணி நிக்கும். அப்ப தலையில சோப்பப் போட்டுட்டு நிக்கவன் கண்ணு தெரியாமத் தடவுவான் பாரும், அதப் பாக்கத்தான் நான் இந்த உத்தியோகத்துல இருக்கேன்."

"ஒரு நாள் பூரா நிறுத்தினா?"

"கெட்டுது! கீழ பூமிக்குள்ள தண்ணி முட்டிக்கிட்டு நிக்கி வே. விட்டா சுரங்கத்தையே தூக்கிப் போட்ரும்."

அவர் சொன்னதை நான் ஆட்டோடு சேர்த்து யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் யோசிக்கவில்லை. பீடியைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

கீழே கடைசி முயற்சி நடந்துகொண்டிருந்தது. பூசாரி கற்பூரம் கொளுத்தி, செம்பைத் தலைக்கு மேல் தூக்கி, "முனியே, எடம் மாத்தச் சம்மதமா, சொல்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தண்ணீரை ஊற்றினார். ஆடு நின்றது. எல்லாரும் அவரவர் பங்குக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். பூசாரியின் மனைவி இனி இழக்க ஒன்றுமில்லை என்கிற கோபத்தில், கணவனின் காதில் அன்றுவரை சொல்லாததையெல்லாம் கத்திக்கொண்டிருந்தாள்.

மேலே அருவி மெலிந்தது. தூண் கயிறாயிற்று, கயிறு நூலாயிற்று. நின்றுவிட்டது.

அங்கே இருந்த சின்னக் குழந்தைகள் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதே இல்லை. எல்லார் வாயும் அப்படியே நின்றது. பூசாரி மனைவியின் வாயைத் தவிர. அவள் பாதி வாக்கியத்தில் இருந்தாள்.

"மனை கெடச்சா ஒங்கண்ணன் வூட்டுப் பக்கத்துல மட்டும் வேணாம்! இருவது வருசமா அந்தாளு கொறட்டையில நான் கண்ண மூடல!"

முந்திரித் தோப்பின் மறுகோடி வரை கேட்டிருக்கும்.

கிடா காதை விறைத்தது. தலையை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. பிறந்ததிலிருந்து காதில் இருந்த சத்தத்தைக் காணவில்லை. மூக்கிலிருந்து கிளம்பிய ஒரு நடுக்கம் முதுகு வழியாக ஓடி வால்வரை போயிற்று. அது நாலு காலையும் ஊன்றி, உடம்பைச் சிலுப்பி உதறியது. காலையிலிருந்து ஊற்றிய குடங்கள் அத்தனையும் எங்கள் எல்லார் முகத்திலும் அடித்தன.

மேலே பம்ப் உறுமியது. அருவி திரும்ப விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பம்பைக்காரர் குதித்துக் குதித்து அடித்தார். பூசாரி மண்ணில் விழுந்து கும்பிட்டார். அண்ணன்காரர் மட்டும் அசையாமல் நின்றார்.

"நிறுத்துங்கடா! முனி எதுக்குச் சம்மதம் சொல்லுச்சி? எடம் மாறவா, இல்ல என் கொறட்டைக்கா?"

கொட்டு நின்றது. நியாயமான கேள்வி. பூசாரி எழுந்து மண்ணைத் தட்டினார்.

"ரெண்டு கேள்வியும் ஒண்ணா போச்சிண்ணா. ரெண்டுக்கும்னுதான் வெச்சிக்கணும்."

அண்ணன்காரர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். "நான் கொறட்டை வுடறனா?"

அந்தம்மாள் பொங்கல் பானையைத் துழாவினாள். தம்பிமார்களைப் பார்த்தார். அவர்கள் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் வெளியூர்க்காரன் என்பதாலோ என்னவோ என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன். மீசையைத் தடவினார். பிறகு நேராகப் போய் முனிக்கு முன்னால் நட்டிருந்த வேலைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டார்.

"கடைசி மனை எது? அது எனக்கு. எவளும் தூங்காமப் போவ வேணாம்."

பூசாரியின் மனைவி முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தோள் குலுங்கியது.

கிடாவை வெட்டினார்கள். நாள் முழுக்கக் கயிற்றைப் பிடித்தவன் என்று எனக்கு ஈரலில் ஒரு துண்டு வைத்தார்கள். பழகிய ஆடு, கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

விடிந்ததும் முனியைக் கிளப்பினார்கள். முனி என்பது ஒரு கல், வெளியே ஒரு சாண்தான் தெரிந்தது. தோண்டத் தோண்ட இடுப்பளவு இறங்கியது. எட்டுப் பேர் தூக்கினோம். முனிக்குச் சம்மதம் இருந்தாலும் கனம் குறையவில்லை. புதுக் குடியிருப்பு ஒரு மொட்டைப் பொட்டல். கயிறு கட்டி மனை பிரித்திருந்தார்கள். மூங்கிலும் கீற்றுமாகப் பன்னிரண்டு குடிசைகள் வெயில் ஏறுவதற்குள் எழும்பிவிட்டன. அண்ணன்காரரின் குடிசை கடைசிக் கோடியில். நில ஆபீஸ் ஆள் சைக்கிளில் வந்து, குடிசைகளை எண்ணி, நோட்டில் குறித்துக்கொண்டு போனார். பூசாரியின் மனைவி தான் நட்ட குச்சியைப் பிடுங்கிவிட்டு அந்த மூலையில் அடுப்புக் கூட்டினாள். சாதாரணக் கருங்கல்லில்தான். கூட்டிவிட்டுப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். தண்ணீர் இல்லை. கிணறு இனிமேல்தான் அவர்களே வெட்ட வேண்டும்.

பூசாரி என்னிடம் வந்தார். "தம்பி, நீ எங்க போற?"

"சுரங்கத்துல வேலை கேக்கலாம்னு வந்தேங்க."

"அங்க ஆயிரம் பேரு லைன்ல நிக்கறான். எங்காளுங்களும் நாளைக்கி அங்கதான் போயி நிக்கணும். இங்க ஒரு வேலை இருக்குது, இதுக்கு லைனே இல்ல. கெணத்துல தண்ணி வர்ற வரைக்கும் அருவியில இருந்து தண்ணி கொண்டாந்து ஊத்தணும். வேளைக்கி ஒரு வூட்டுல சோறு. ஒத்துக்கறியா?"

அதற்குள் அவருடைய மனைவி எங்கிருந்தோ ஒரு மூங்கில் கழியும் இரண்டு மண்ணெண்ணெய் டின்னும் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டாள். "மொத நடை எங்க வூட்டுக்கு" என்றாள். கடைசிக் கோடியிலிருந்து அண்ணன்காரரின் குரல் வந்தது. "மூத்தவன் வூட்டுக்குத்தான்டா மொத நடை!"

டின்களைக் கழியில் மாட்டித் தோளில் வைத்தேன். நடுவில் நிறுத்தி வைத்திருந்த முனியின் கல்லுக்குத்தான் முதல் நடை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு அருவியைப் பார்க்க நடந்தேன். அன்று பொழுது சாய்வதற்குள் பதின்மூன்று நடை நடந்தேன், முனிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.